ஏழாவது வீட்டு ஜெபம்

— தட்டினது நீங்கதானா? மறுபடியும் கல்லெறியறாங்களோன்னு அடுப்படி மூலையில போய் நின்னுட்டேன்.

— பயப்படாதே தங்கச்சி. ஜெபக் குழுவுல வந்த சிஸ்டர் நான். உள்ள வரலாமா? செருப்பை இங்க விடட்டுமா?

— கையிலயே எடுத்துட்டு வந்துடுங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க செருப்புன்னு தெரிஞ்சா சாக்கடையிலதான் கிடக்கும்.

— சரி, சரி. இப்படி ஓரமா வைக்கறேன்.

— மத்தியானத்துலேருந்து ஒவ்வொரு வீடா பாட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர். ஆறு வீடு எண்ணினேன். அப்புறம் வேன் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான், போயிட்டாங்கன்னு நெனச்சேன்.

— தெருமுனையில நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். தையல் கம்பெனி தீயில இறந்தது ஏழு பொண்ணுங்கன்னுதானே எங்களுக்குச் சொன்னாங்க? ஆறு வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஏழாவது வீடு எதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எங்க போதகரே, ஊர்ப்பகை நமக்கெதுக்கு சிஸ்டர்னு வேன்லயே உட்கார்ந்துட்டார்.

— எங்களைப் பத்தி என்ன சொன்னாங்க அந்த ஆறு வீட்டுலயும்?

— அது எதுக்கும்மா இப்ப?

— சொல்லுங்க. காதுல விழாததா என்ன?

— வாட்ச்மேன் பின்வாசலைப் பூட்டினான், முன்பக்கம் பூரா தீ, ஏழு பொண்ணுங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க, அதுல ஒண்ணு அவன் பெத்ததுன்னு சொன்னாங்க. நாலாவது வீட்டுல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த வீட்டுலயும் ஜெபம் பண்ணுவேன்னா எங்க வீட்டுல பண்ணினதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுன்னாங்க.

— அந்த அக்கா பொண்ணும் எங்க பெரியவளும் பக்கத்துப் பக்கத்து மெஷின். ரெண்டு பேரும் காலர் வெச்சுத் தைப்பாங்க. ஒரே டப்பாவுல சாப்பிடுவாங்க.

— உன் வீட்டுக்காரத் தம்பி எங்க?

— அந்தச் சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம். தீப்பிடிச்ச நாள்லேருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். ஏங்க, சிஸ்டர் வந்திருக்காங்க. கொஞ்சம் இப்படித் திரும்புங்களேன்.

— இருக்கட்டும், நான் அங்க வரேன். கையைக் காட்டுங்க தம்பி. இந்தக் கட்டு எப்ப போட்டது?

— வெள்ளிக்கிழமை.

— இன்னைக்குப் புதன். அஞ்சு நாளா மாத்தவே இல்லையா? வாடை அடிக்குது பாருங்க.

— ஆஸ்பத்திரி வரிசையில நிக்க விடலைம்மா. காயம்பட்ட மத்த பொண்ணுங்களுக்கும் அங்கதான் கட்டு மாத்தறாங்க. அவங்க வீட்டு ஆளுங்க என்னைப் பார்த்தா சும்மா இருப்பாங்களா?

— தங்கச்சி, கொதிச்சு ஆறின தண்ணி இருந்தா கொண்டா. அப்படியே ஒரு வெளுத்த துணி. ஜெபம் பண்ண வந்தவதான், ஆனா ரிட்டயர் ஆகற வரைக்கும் தீக்காய வார்டுல பதினெட்டு வருஷம் நின்னவ நான். பைபிள் வெச்சிருக்கிற பையிலயே மருந்தும் இருக்கு. தம்பி, பிரிக்கும்போது வலிக்கும். பல்லைக் கடிச்சுக்குங்க.

— வலிக்கட்டும்மா.

— அசையாதீங்க... சரி, சரி, ஆச்சு. ரெண்டு உள்ளங்கையிலயும் ஒரே கோடா வெந்திருக்கே. பழுக்கக் காஞ்ச கம்பி எதையாவது பிடிச்சீங்களா?

— கதவுக் கம்பி.

— சூடு பட்டதும் கை தானா விட்டுடுமே. விடாமப் பிடிச்சிருக்கீங்க. எவ்வளவு நேரம்?

— உள்ள சத்தம் நிக்கற வரைக்கும்.

— ஆண்டவரே!

— ஏங்க, போதும். அதைப் பேசாதீங்க.

— இரு தங்கச்சி. எனக்கு ஒண்ணு புரியலை. பூட்டினது நீங்கன்னா சாவி உங்ககிட்டதானே தம்பி இருந்திருக்கும்? அப்புறம் எதுக்குக் கம்பியைப் பிடிச்சு இழுத்தீங்க?

— எங்கயோ விழுந்திடுச்சு. பதட்டத்துல தேட முடியலை. சூப்பர்வைசர் பூட்டச் சொன்னான், பூட்டினேன், சாவியைத் தொலைச்சேன். இப்படித்தான் போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். அவனைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. என் கையைப் பார்த்துட்டு என்னை ஜாமீன்ல விட்டிருக்காங்க. திங்கட்கிழமை கோர்ட்டுல இதையே சொல்லணும். சொல்லிடுவேன்.

— சூப்பர்வைசர் என்ன சொல்றார்?

— நான் பூட்டச் சொல்லவே இல்லைன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்றான். எவன்மா ஒத்துக்குவான்? சாப்பாட்டு நேரத்துல பொண்ணுங்க பின்வாசல் வழியா நழுவறாங்கன்னு மூணு மாசமா என்னைப் பிடிச்சுக் காய்ச்சினவன்தான் அவன்.

— சரி, சரி. அதைக் கோர்ட்டு பார்த்துக்கட்டும். கட்டுப் போட்டாச்சு. ரெண்டு பேரும் கண்ணை மூடுங்க. தம்பி, உங்க தலையில கை வைக்கறேன். எங்கள் பரலோகப் பிதாவே, நொறுங்கிப்போன இந்த வீட்டைக் கண்ணோக்கிப் பாரும். தன் கையாலேயே கதவைப் பூட்டித் தன் மகளையும் மற்ற ஆறு பிள்ளைகளையும் இழந்து நிற்கிற இந்த மகனுடைய குற்றத்தை மன்னியும். இவன் அறியாமல் செய்த...

— கையை எடுங்க சிஸ்டர்.

— என்னம்மா?

— அவர் தலையிலேருந்து கையை எடுங்க. போலீஸ்கிட்ட சொன்ன பொய் போதும். ஆண்டவர்கிட்டயும் அதைச் சொல்லாதீங்க.

— இந்தா, வாயை மூடு.

— மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், பதினாறு நாளா. இனிமே என்னால ஆகாது. பூட்டினது நான் சிஸ்டர்.

— இவளுக்குத் தூக்கமில்லைம்மா. ஏதேதோ உளறுவா. நீங்க ஜெபத்தை முடிச்சிட்டுக் கிளம்புங்க.

— உளறலைங்க. சிஸ்டர், தினமும் மத்தியானம் இவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். இவர் தண்ணித்தொட்டிப் பக்கம் போய்ச் சாப்பிடுவார். அந்தக் கால் மணி நேரம் பின்வாசல் ஸ்டூல்ல நான் உட்காருவேன். அன்னைக்கும் அப்படித்தான். இவர் போனதும் பூட்டினேன். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போனேன். திரும்பி வரும்போது புகை கரும்பூதமா நிக்குது. இவர் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு என் பேரைச் சொல்லிக் கத்தறார், சாவி, சாவின்னு. நான் ஓடி வந்து சேர்றதுக்குள்ள உள்ள ஒரு சத்தமும் இல்லை.

— தம்பி, இது நிஜமா?

— சின்னவளுக்கு ஏழு வயசும்மா. இவ தங்கச்சி வீட்டுல விட்டிருக்கோம். நான் உள்ள போனா இவ எப்படியாவது அவளை ஆளாக்கிடுவா. இவ போயிட்டா இந்த ரெண்டு கையை வெச்சுக்கிட்டு நான் அந்தப் பிள்ளைக்குத் தலை கூட வாரிவிட முடியாது. வெளியில போய்ச் சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேன்.

— எழுந்திருங்க தம்பி, கட்டு பிரிஞ்சிடும். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்றவ இல்லை. ஆனா திங்கட்கிழமை பொய் சத்தியம் பண்ணுங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. தங்கச்சி, இங்க வா. என் பக்கத்துல உட்காரு. கையைக் கொடு.

— தொடாதீங்க சிஸ்டர்.

— தொடுவேன். இங்க பாரு, சூப்பர்வைசர் பூட்டச் சொன்னார், நீ பூட்டினே. தீப்பிடிக்கும்னு கனவா கண்டே? நடந்ததை நடந்தபடி கோர்ட்டுல சொல்லு. சொன்னவன் மேல எவ்வளவு, செஞ்சவ மேல எவ்வளவுன்னு ஜட்ஜுக்குத் தெரியும். ஆண்டவருக்கு அதைவிட நல்லாத் தெரியும்.

— அதைத்தான்மா நானும் இவகிட்ட தினமும் சொல்றேன். அவன் அதிகாரத்துல சொன்னான், நீ பயந்து செஞ்சே. பாவம் பூரா அவனுக்குத்தான். பூட்டலைன்னா என் வேலையைப் பிடுங்கியிருப்பான். இல்லையா? நீதானே சொன்னே, வந்து மிரட்டினான்னு?

— சொன்னேன்.

— அப்புறம் என்ன?

— சூப்பர்வைசர் அன்னைக்கு அந்தப் பக்கமே வரலைங்க.

— என்ன சொல்றே நீ?

— தங்கச்சி, நிதானமா. மூச்சு விட்டுட்டுச் சொல்லு.

— யாரும் பூட்டச் சொல்லலை. அன்னைக்குக் காலையில தலை பின்னிவிடும்போது நம்ம பெரியவ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே சொன்னா, அம்மா, நான் மத்தியானம் பின்வாசல் வழியா மனசுக்குப் பிடிச்சவர்கூடப் போயிடுவேன், ரோட்டுல வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கார், அப்பாகிட்ட நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்னு. பெத்த தாயாச்சேன்னு நம்பி என்கிட்ட மட்டும்தாங்க சொன்னா, அவ போயிடக் கூடாதுன்னுதான் பூட்டினேன்.