ஆதம் தும்மிய கதை

— நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், ஆராயி, நீ கம்பு பொடைக்கிறதை நிறுத்தவே மாட்டேங்கிற. எடப்பாடியிலிருந்து கரி எரிச்சு ஓட்டுற பஸ்ஸுல ரெண்டு வண்டி மாறி, பொகையில இருமிட்டு வந்திருக்கேன் புள்ள. மொகத்தைக் காட்டு.

— காட்டாம என்னங்க அம்மிணி. கண்ணுல தூசி உழுந்திருச்சு. மஸ்தான் பீவி நீங்களே எம்பட ஊடு தேடிக் கெங்கவல்லிக்கு வருவீங்கன்னு நா கனாக் கண்டனுங்களா?

— தூசியா, கண்ணீரா?

— ரெண்டுந்தானுங்க. வெளிய புளியமரத்தடியில நிக்கறது நம்ம பஷீருங்களா? அவங்க அப்பாவாட்டமே ஒசந்துட்டானுங்க.

— அவனேதான். உன்னைப் பாத்து சலாம் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு நிக்காஹ். நீ வந்து முன்னால நிக்கணும். பெத்தது நான், பால் குடுத்தது நீ.

— கூலிக்காரி நா எங்கீங்க உங்க சபையில வந்து நிக்கறது?

— எங்க மார்க்கத்துல பால் குடுத்தவளும் தாய்தான் புள்ள. உம் மவ உசிரோட இருந்திருந்தா அவனுக்குக் கூடப்பொறந்தவ மாதிரி.

— இருந்தா இருவத்தி நாலு வயசுங்க அவளுக்கு. அந்த விசக்காய்ச்சல்ல எங்க தெருவுல மட்டும் ஒரே வாரத்துல பதினோரு சாவு. எம் புள்ளையப் பொதச்சுட்டு வந்து, மாருல பாலு கட்டிக்கிட்டு வலியில உக்காந்திருந்தன். உங்க ஊட்டுக்காரரு வந்து வாசல்ல நின்னாரு. எம் பொஞ்சாதி காய்ச்சல்ல கெடக்கறா, பால் வத்திப்போச்சு, புள்ள அழுவுதுன்னாரு. அவரு கண்ணைப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துட்டனுங்க.

— நான் கண்ணு தொறந்தப்ப நீ என் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து அவனுக்குப் பால் குடுத்துட்டு இருந்தே. யாரோ ஒருத்தி எம் புள்ளைய எடுத்துட்டா, நான் செத்துட்டேன் போலன்னு நெனச்சேன்.

— அப்படித்தான் நித்தமும் அழுவீங்க. அழுவையை நிறுத்தத்தானுங்க நா கதை சொன்னது.

— எது, அந்த முட்டைக் கதையா?

— ஆமாங்க. மொதல்ல எங்கீயும் தண்ணி, ஒரே தண்ணி. அதுல ஆத்தா தன்னந்தனியாப் பொறந்தா. தொணை வேணுமின்னு மூணு முட்டை வெச்சு அடைகாத்தா. ஈசுவரன், பெருமாளு, பிரம்மா மூணு பேரும் அதுலருந்து வந்தாங்க. அந்தப் பிரம்மாதான் நம்மளையெல்லாம் படைச்சதுன்னு எங்க பூசாரி சொல்லுவாரு. கேட்டுட்டு நீங்க காய்ச்சலோட எந்திரிச்சு உக்காந்து சண்டைக்கு வந்தீங்க.

— வராம? அல்லா யாரையும் பெறவும் இல்ல, அவனை யாரும் பெறவும் இல்ல. ஆகுன்னு சொன்னா ஆயிரும். அவனுக்கு முட்டை எதுக்கு?

— ஆனா மனுசனை மட்டும் மண்ணைக் கொழச்சுத்தானுங்களே செஞ்சான்.

— கேளு புள்ள, அதை நீ பாதிதான் ஞாபகம் வெச்சிருக்கே. மலக்குமாரை, அதான் வானத்துல இருக்கிறவங்களை, மண்ணு எடுத்தாரச் சொல்லி அனுப்பினான். எங்கிட்ட எடுக்காதீங்கன்னு பூமி அழுதுச்சு. மொதல்ல போனவங்க மனசு கேக்காம வெறுங்கையோட திரும்பிட்டாங்க. கடைசியா இஸ்ராயீல்ங்கிற மலக்கு போயி, செகப்பு, கருப்பு, வெள்ளைன்னு எல்லா மண்ணுலயும் ஒரு பிடி அள்ளிட்டாரு. அதனாலதான் நாம ஆளுக்கொரு நெறம். அழுவையைக் கேக்காம அள்ளினவரு இல்லையா, உசிரை எடுத்துட்டுப் போற வேலையும் அவருக்கே ஆச்சு.

— எனக்குப் புடிச்சது அந்தத் தும்மலுங்க. நாப்பது வருசம் மண்ணு பொம்மையாக் கெடந்த அந்த மொத மனுசன் ஆதத்துக்கு மூச்சை ஊதுனதும், மொதக் காரியமாத் தும்முனாருன்னீங்க. அந்நேரம் பாத்து எம் மடியில பஷீரும் தும்முனான்.

— சிரிச்சுட்டேன். படுத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

— கந்தம்மாவும் சிரிச்சுதுங்க. மருந்து கொண்டுட்டு வருமே, சர்ச்சுக்குப் போற அந்த வேதக்கார மருத்துவச்சி. எங்க ஆண்டவரு ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சுட்டு ஏழாம் நாளு ஓய்வெடுத்தாருன்னு சொல்லுச்சு. சாமிக்கே ஒரு நாளு ஓய்வு இருக்குது, எங்களை வேலை வாங்கற பண்ணாடிக்கு இதை யாராச்சும் போயிச் சொன்னாத் தேவலைன்னு நா சொன்னன்.

— மண்ணும் மூச்சும் அவங்க வேதத்துலயும் இருக்குன்னு சொன்னா. அதுல மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போச்சு. நீதான் ரெண்டு பேரையும் மடக்கினே. மொத்தமே ரெண்டு பேருன்னா அவங்க புள்ளைங்க யாரைக் கட்டுச்சுன்னு கேட்டியே.

— கந்தம்மா மருந்துப் பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சுங்க.

— என்னைப் பெத்த அத்தா சொன்னதை நான் சொன்னேன். ஆதத்தோட பொஞ்சாதி ஹவ்வாவுக்கு ஒவ்வொரு பேறுலயும் ஒரு ஆணு, ஒரு பொண்ணு. ஒரே பேறுல பொறந்தவங்க கட்டக் கூடாது. இந்தப் பேறுல பொறந்தவன் வேற பேறுல பொறந்தவளைக் கட்டணும்.

— அன்னைக்கு இருந்த சனத்துக்கு வேற வழி இல்லீங்க.

— இப்ப எங்க மார்க்கத்துல அதைவிடக் கண்டிப்பு. கூடப்பொறந்தவங்க மட்டும் இல்ல, ஒரே பொம்பளைகிட்டப் பால் குடிச்சவங்களும் கட்டக் கூடாது. அதான் சொல்றேன், உன்னைத் தாய்னு சொல்றது பேச்சுக்கு இல்ல. அது கெடக்கட்டும், நீ பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே.

— சொல்லுங்க அம்மிணி. எந்தூருங்க?

— அயோத்தியாப்பட்டணம். தேங்காய் மண்டி மொய்தீனோட மவ, சுலைகா. இருவது வயசு. அவளைப் பெத்தப்பவே தாய் மவுத்தாயிட்டா. தாயில்லாப் புள்ளைன்னு இத்தனை நாளா யாரும் கேட்டு வரல. நான் போய்ப் பாத்தேன். தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு. அப்பவே மனசுக்குள்ள பேசி முடிச்சுட்டேன். ஏன் புள்ள, மொறத்தைக் கீழ வெச்சுட்டே?

— அம்மிணி, அந்த மொய்தீனு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பாருங்களா?

— ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?

— எடப்பாடிய உட்டுட்டு நாங்க அயோத்தியாப்பட்டணத்துக்குத்தானுங்க ரோட்டு வேலைக்குப் போனம். எம் பையன் தங்கசாமி அங்கதான் பொறந்தான். அவன் கைப்புள்ளையா இருக்கறப்ப ஒரு நாளு கந்தம்மா ஓடியாந்துச்சு. அதையும் வேலைக்கு அந்தப் பக்கம் மாத்தியிருந்தாங்க. ஒரு ஊட்டுல புள்ளையப் பெத்துட்டுத் தாய் போயிட்டா, ஆட்டுப்பாலு ஒத்துக்கலை, உடனே வான்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு.

— யாரு ஊட்டுக்கு?

— பின்வாசல் வழியாத்தானுங்க போவன், வருவன். மொய்தீனோட ஆத்தா, அந்தப் பெரியம்மா, எங்கிட்ட சத்தியம் வாங்குச்சு. கூலிக்காரி பாலு குடிச்சவன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்கன்னுச்சு. மவனுக்குக் கூட அது சொல்லலை. அவரு மண்டியே கதின்னு கெடப்பாரு. பத்து மாசங் குடுத்தனுங்க. சுலைகான்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாத்துச் சிரிக்கும்.

— ஆராயி.

— எம் புருசன்கிட்டக் கூட இதுவரைக்கும் சொன்னதில்லீங்க. நீங்க வந்து அந்தப் பேரைச் சொல்றப்ப நா எப்படிங்க வாய மூடிட்டு இருப்பன்?

— அந்தப் பெரியம்மாவும் இப்ப இல்ல. கந்தம்மா?

— காலராவுல போயி ஏழு வருசமாச்சுங்க.

— அப்ப, உன்னையும் என்னையும் தவிர இது யாருக்கும் தெரியாது.

— தெரியாதுங்க. நீங்க வேண்டாமின்னா நா இனி மூச்சு உட மாட்டன்.

— கொஞ்சம் இரு புள்ள. என்னை யோசிக்க உடு.

— தண்ணி தரட்டுங்களா?

— வேண்டாம். பந்தலுக்குச் சொல்லியாச்சு. ஊரெல்லாம் கூப்பிட்டாச்சு. நிக்காஹ் நின்னா எம் மவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பொண்ணு மேலதான் பழி போடுவாங்க. உனக்குத் தெரியுமா, இன்னும் ஒரு நொடி முன்னால நான் என்ன நெனச்சேன்னு? நீ இதைச் சொல்லவே இல்லைன்னு வெச்சுக்கலாமான்னு நெனச்சேன்.

— ரெண்டும் எம் மடியில கெடந்ததுங்க. ஒண்ணோட உசிரக் காப்பாத்துன பாலு இன்னொண்ணோட வாழ்க்கையக் கெடுத்துருமோன்னு பதறுது.

— அழுவாதே. தெரிஞ்சதைத் தெரியாததா ஆக்க முடியாது, இந்த நிக்காஹ் நடக்காது. நான் நாளைக்கே மொய்தீன் ஊட்டுக்குப் போறேன், நீயும் வாரே. பின்வாசல் வழியா இல்ல. அந்தப் புள்ளைக்கு நாதியில்லைன்னுதானே எல்லாரும் ஒதுங்கினாங்க. நாதி இருக்குன்னு ஊருக்குத் தெரியட்டும். அவனைக் கூப்புடு.

— நானுங்களா?

— நீதான்.

— பஷீரு. உள்ள வா சாமி.

— கூப்பிட்டீங்களாம்மா? சேலம் பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— பஸ்ஸு போவட்டும், நீ ஆராயி பக்கத்துல உக்காரு. அயோத்தியாப்பட்டணத்துல உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, பஷீரு.