ரமோனாவின் இரண்டாம் பிறந்தநாள்

கவுனை ஹேங்கரில் மாட்டும்போது மேல் பட்டனைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தோள் சரிந்து, துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். எங்கள் சங்கத்தில் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் நானே பட்டன் போடுவேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இது போதும், போலீஸ்கார ஐயா.

டோனட் வேண்டாம், நன்றி. வயிறு சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை ஆகாது. சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், பிறகு கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். போன வியாழக்கிழமை தேவாலயக் கூடத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அதுதான். யாரும் சாகவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பெர்னடீன் பெர்கோ. இதே பியூப்லோவில் பிறந்து வளர்ந்து, இங்கேயே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இரும்பாலையில் இருந்தார், காலமாகிவிட்டார். பச்சை மிளகாய்க் குழம்பில் மிதக்கும் பர்கரை ஒரே மூச்சில் இரண்டு தின்றுகொண்டிருந்தவள் நான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு முட்டையை முழுசாகத் தின்ன முடியாது. எங்களைப் போன்றவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுவோம். நர்ஸ் ப்ரூயிட் வந்து புத்தி சொல்லுவாள்.

கூடத்து ஓரத்தில் சக்கரம் வைத்த துணி ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. மெலிந்தவர்கள் தங்களுக்குப் பெரிதாகிவிட்ட துணியைக் கொண்டுவந்து, தமக்கு அடுத்தபடியாக மெலிந்து வருகிறவர் கையில் எல்லோர் முன்னாலும் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அதை மேலே வைத்துக் காட்டுவார், நாங்கள் கைதட்டுவோம். மற்ற ஊர்ச் சங்கங்களில் எப்படியோ, இங்கே அதுதான் எங்களுக்குத் திருப்பலி மாதிரி.

ரமோனா ஆர்ச்சுலேட்டா எனக்கு அடுத்து வந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் நான் மாவு பிசைய, அவள் குழம்பு கிண்ட, அப்படித் தொடங்கிய சிநேகிதம். எனக்கு ஒரு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டாள். என் துணியெல்லாம் அவளுக்குத்தான் போனது. என் கோடுபோட்ட சட்டையில் அவள் உள்ளே வரும்போது, போன வருஷத்து நானே கதவைத் திறந்துகொண்டு வருவது போல இருக்கும். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அவளை நான் மனதார நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன்.

கஞ்சா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் ஆனவர்கள் சாதாரண மூட்டுவலி மாத்திரை போடக் கூடாது, வயிற்றில் புண் வந்துவிடும். என் முழங்காலோ ராத்திரியெல்லாம் அழுதுகொண்டிருந்தது. இந்த மாநிலத்தில் கஞ்சாவைச் சட்டப்படியே விற்கலாம், கடை இல்லாத தெரு ஏது. நான் போன கடை கண்ணாடிக் கதவும் வெளிச்சமுமாகப் பல் டாக்டர் கிளினிக் போல இருந்தது. கஞ்சா கலந்த மிட்டாய் ஒரு டப்பா வாங்கினேன். கஞ்சா அடிக்கிறவர்கள் வேறு, நான் வேறு. நான் அதை மாத்திரை டப்பாவில் வைத்திருந்தேன்.

வலி போனது. தூக்கமும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பசி வந்தது. கோழித்துண்டு ஒன்றுக்கே அடைத்துக்கொள்கிற வயிறு, உப்பு பிஸ்கட்டும் வேர்க்கடலை வெண்ணெயும் என்றால் கதவைத் திறந்துவைத்துவிடுகிறது. அது கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு பாக்கெட் முடிந்த பிறகும் வயிறு இன்னும் என்ன என்று கேட்கும். அதோடு என் எடை குறைவது நின்றுபோனது. நர்ஸ் ப்ரூயிட் என் எடை எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "பெர்னடீன், தப்பா நினைக்காதீங்க, கஞ்சா கிஞ்சா ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க குடும்பத்துல அந்தப் பேச்சே கிடையாதும்மா. தைராய்டா இருக்கும்" என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு நன்றாக இருந்தது. உடம்பு தானாக ஓர் இடத்தில் வந்து நிற்கும் என்று நான் எங்கேயோ படித்திருக்கிறேன்.

என் உடம்பு நின்றது. ரமோனாவின் உடம்பு நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை கையில் கத்தரிப்பூ நிறக் கவுனோடு எழுந்து நின்றாள். யாருக்குக் கொடுக்கப்போகிறாள் என்று நானும் ஆவலாகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏய் பெர்னி, இங்க வாடி. இது எனக்குத் தொளதொளன்னு ஆயிடுச்சு. உனக்கு இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிக்கும். பரவாயில்ல, சீக்கிரமே வந்துருவ."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹேரல்ட் என்ற இரும்பாலைக் கிழவர் விசிலே அடித்தார். ரமோனா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கை என் முதுகில் எதுவரை வந்தது என்பதை நான் கவனித்தேன். கவுனை மேலே வைத்துக் காட்டினேன், சிரித்தேன், நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து மேல் பட்டனைப் போட்டு மாட்டிவைத்தேன்.

இதில் பொறாமை என்ற பேச்சுக்கே இடமில்லை. வரிசை என்று ஒன்று உண்டல்லவா? துணி என்னிடமிருந்து அவளுக்குப் போக வேண்டும். அது திரும்பி வர ஆரம்பித்தால் யார் யாருக்குக் கொடுப்பது என்றே தெரியாமல் சங்கம் குழம்பிப்போகும். அதை யாராவது ஒருவர் சரிசெய்துதான் ஆக வேண்டும். மற்றவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நேரமில்லை.

ஆபரேஷன் செய்துகொண்ட தேதியை நாங்கள் இரண்டாம் பிறந்தநாள் என்று கொண்டாடுவோம். ரமோனாவுக்கு அது தவக்காலத்தில் வந்தது. நான் பொட்டீட்சா சுட்டேன். எங்கள் ஸ்லோவேனியக் குடும்பங்களில் வால்நட்டை அரைத்து, மெல்லிய மாவில் தடவிச் சுருட்டிச் சுடும் ரொட்டி அது. இந்த ஊரில் எந்தக் கல்யாணமும் சாவும் அது இல்லாமல் நடக்காது. வெண்ணெயைக் கஞ்சா இலையோடு சேர்த்து மெல்லிய சூட்டில் காய்ச்சி வடிகட்டினேன். பச்சை வாடை வரும், ஆனால் பட்டையும் வால்நட்டும் அதை அமுக்கிவிடும். சர்க்கரை ஒரு பொட்டுக்கூடப் போடவில்லை. அவள் உடம்புக்கு ஆகாததை நான் கொடுப்பேனா?

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது. எங்களைப் போன்ற வயிற்றுக்கு நகத்தளவுதான் ஒரு துண்டு. அதனால் அந்த நகத்தளவுக்குள்ளேயே ஒரு முழு மிட்டாயின் வேலை அடங்க வேண்டும். கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். தினமும் ஒரு துண்டு, ஒரு மாதம் வரும். அதற்குள் பிஸ்கட் பாக்கெட்டுக்கு வழி அவளுக்கே தெரிந்துவிடும்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தினம் ஒண்ணு சாப்பிடு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் கேட்டால்தானே. எங்கள் சங்கத்தில் யாரும் எதையும் தனியாகத் தின்பதில்லை, தின்னவும் முடியாது. எது வந்தாலும் நகத்தளவாக நறுக்கித் தட்டில் சுற்றி வரும். எனக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அன்று ரமோனாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது நினைவுக்கு வரவில்லை.

"பெர்னி கைப் பொட்டீட்சா. இதைத் தனியாத் தின்னா எனக்குத் தொண்டையில இறங்குமா?" என்று சொல்லிக்கொண்டே நறுக்கிவிட்டாள்.

"நீ மொதல்ல எடுத்துக்கடி" என்றேன்.

"ஐயோ, எனக்கு வேணாம். நாளைக்குக் காலையில ரத்தம் எடுக்கறாங்க. தொங்கற தோலை வெட்டி எடுக்கப்போறேன் இல்ல? இப்பவே வயித்தைக் காயப்போடச் சொல்லிட்டாங்க. நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கறேன்."

தட்டு சுற்றி வந்தது. ஹேரல்ட் இரண்டு எடுத்தார். நர்ஸ் ப்ரூயிட்டும் எடுத்தாள். நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். என்ன சொல்லி நிறுத்துவது, உப்பு கூடிவிட்டது என்றா? நான் சுட்ட பொட்டீட்சாவில் குறை இருந்ததாக இந்த ஊர் கேள்விப்பட்டதில்லை. நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். நன்றாக வந்திருந்தது.

அன்றைக்கு நர்ஸ் ப்ரூயிட், பசி வயிற்றிலிருந்து வருகிறதா மனதிலிருந்து வருகிறதா என்று பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையை நெடுநேரம் பார்த்தாள். "இது என் கைதானே?" என்று கேட்டாள். ஹேரல்ட் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பிறகு திடீரென்று சிரிப்பு அடங்கி, ஏதோ ஞானம் வந்தவர் போலச் சொன்னார்:

"பக்கத்து ரூம்ல நாளைக்கு மீன் விருந்துக்குச் செஞ்சு வச்சிருக்காங்க."

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தின்னக் கூடாது, அதனால் தேவாலயத்து மக்களுக்கு மீன் விருந்து நடக்கும். மீன் அன்றைக்குத்தான் வரும். மற்றதெல்லாம் முந்தின நாளே தயார்: தட்டுத் தட்டாகப் பாலாடைக்கட்டி மாக்கரோனி, பெண்கள் மாவுக்குள் செர்ரிப் பழம் வைத்துச் சுட்டுக் கொடுத்த 'பை' இனிப்புகள். ஒரு ஸ்பூன் தயிருக்கு மேல் தாங்காது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கதவை நோக்கி வரிசையாக, ஒழுங்காக, ஒருவரை ஒருவர் கைபிடித்து நடந்தார்கள். ஹேரல்ட் மாக்கரோனித் தட்டைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நர்ஸ் ப்ரூயிட் கரண்டி தேடவில்லை. அவளுக்கு வயிறு முழுசாக இருப்பதால் எங்களைவிட அதிகம் சாப்பிட்டாள். நான் செர்ரி இனிப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் என்றால் பாதி.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். சர்க்கரை தன் வேலையைக் காட்டியது. கூடத்தில் இருப்பது இரண்டு கழிவறைகள், நாங்கள் அத்தனை பேர். ரமோனா ஒருத்திதான் தெளிவாக இருந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வாளி கொண்டுவந்து, ஒவ்வொருவர் முகத்தையும் துடைத்தாள். துணி ஸ்டாண்டில் இருந்ததை எடுத்து எல்லோருக்கும் மாற்றிவிட்டாள். எனக்குக் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டாள். அது எனக்குச் சரியாக இருந்தது. ஸ்டாண்டின் பெரிய அளவுக் கோடியிலிருந்து எடுத்தாளா, சின்ன அளவுக் கோடியிலிருந்தா என்று நான் பார்க்கவில்லை.

மிச்சத் துண்டுகளை உங்களிடம் கொடுத்தவளும் அவள்தான். கொடுக்கும்போது, "பெர்னிக்குத் தெரியாம யாரோ கலந்திருக்காங்க" என்று அழுதாளாம். அவள் அப்படித்தான்.

இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். எங்கள் சங்கத்துத் தெரசாவுக்கு அந்த மிட்டாயில் ஒன்று கொடுத்தேன், சின்னதுதான். அவளும் என் அளவுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். பிறகு ஏனோ எடை ஏறிவிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு சங்கத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு மனஉறுதி போதாது என்று நர்ஸ் ப்ரூயிட் சொன்னாள். நான் தெரசாவுக்கு ஆறுதல் சொல்லி ஒரு கார்டு அனுப்பினேன்.

நேற்று ரமோனா என்னைப் பார்க்க வந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கேட்டிருந்தா அந்தக் கவுனைக் கொடுக்காமலே இருந்திருப்பேனேடி" என்றாள். "நான் ஒரு ஓரமா நின்னிருப்பேன். இதுக்கா?"

எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. வருத்தத்தில் இன்னும் மெலிந்திருக்கிறாள், காலர் எலும்பெல்லாம் தெரிகிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: வெண்ணெய் காய்ச்சியது நான், அளவு போட்டது நான், தட்டு சுற்றி வரும்போது வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதையும் சேர்த்து எழுதுங்கள். அவளுக்காகவே சுட்டதில் அவள் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டிருந்தால், இத்தனை பேருக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது.