பெருமாளுக்கு மறுக்கப்பட்ட துளசி

மேடையில் வீற்றிருக்கும் கோயில் நிர்வாகசபைத் தலைவர் திரு. ஜெகதீஸ்வரன் அவர்களே, சபை உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் அமரரின் துணைவியார் தில்லைநாயகி அக்கா அவர்களே, வில் நகரிலிருந்தும் கூர் நகரிலிருந்தும் இந்தச் சுவிஸ் பனி விழும் பாதையில் வண்டியோட்டி வந்திருக்கும் உறவினர்களே, எம்மன்புரூக்கே அயலவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பத்மநாதன். ஆற்றங்கரைத் தோட்டத்தில் அமரர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையின் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி என்னுடையது. பேச்சாளர்கள் வரிசையில் என் பெயர் முதலில் இருக்கவில்லை. அக்கா கேட்டதால் சேர்த்தார்கள். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எனக்கு முன்னர் பேசியவர்கள் எடுத்துக்கொண்டதைவிட அதிகம் எடுக்க மாட்டேன்.

அந்தப் பதாகையில் அண்ணையின் படத்துக்குக் கீழே “திருப்பணிச் செம்மல்” என்று போட்டிருக்கிறது. அழகான பட்டம். எப்போது கொடுத்தீர்கள்? அவர் நடமாடிய காலத்தில் அவரை அப்படி அழைத்தவர் இந்த மண்டபத்தில் யாராவது இருக்கிறீர்களா? பதாகை அச்சடித்தவரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமைதான் அந்த வரியை அனுப்பினார்களாம். அண்ணை இறந்தது ஞாயிற்றுக்கிழமை.

மூன்று பேர் பேசினீர்கள். இயற்கையை நேசித்தார் என்றீர்கள், இறைபக்தி மிக்கவர் என்றீர்கள். துளசி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஏன் உச்சரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்.

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை இரும்பாலையில் முறை வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்தார். கோவா என்கிற முட்டைக்கோஸும் போஞ்சியும் தக்காளியும் போட்டார். முதல் வருடமே வெள்ளை வண்ணத்திப்பூச்சி வந்து முட்டையிட்டது. கோவா இலையெல்லாம் சல்லடையானது. அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்க அனுமதி இல்லை. அண்ணை என்ன செய்தார்? ஊரிலிருந்து வந்த விதையைப் போட்டு, கோவாவுக்கும் கோவாவுக்கும் இடையில் துளசி நட்டார்.

சும்மா வரவில்லை அது. ஏப்ரல் மாதத்து வெயிலை நம்பி வெளியே நட்ட கன்றுகளெல்லாம் ஒரே குளிரில் கறுத்துப் போயின. மே நடுப்பகுதிக்கு முன்னர் துளசிக்கு வெளியே வேலை இல்லை என்று அடுத்த வருடம் ஜன்னலோரத்தில் முளைக்க வைத்தார். எது இந்தக் குறுகிய கோடையில் முந்திப் பூத்ததோ அதில் மட்டும் விதை எடுத்தார். பூங்கதிரைக் கிள்ளிக் கிள்ளிச் செடியைப் புதராக்கினார். இலையை அவித்து ஆறவைத்த தண்ணீரைப் போஞ்சியில் மொய்த்த செடிப்பேனுக்குத் தெளித்தார். நான் சொல்வதை மிகைப்படுத்தவில்லை. துளசி எல்லாவற்றையும் விரட்டிவிடாது. நத்தைகள் துளசியையே தின்றன. ஆனால் பூச்சி குறைந்தது. என் பாத்தியில் கோவா கந்தலாக நின்றபோது அவருடையது முழுசாக நின்றது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“அண்ணை, பூசைக்கு வைக்கிறதைக் கொண்டுவந்து கோவாவுக்குக் காவல் வச்சிருக்கிறியள். பெருமாள் கோவிக்க மாட்டாரோ?”

“அவர் காக்கிற தொழில்தானே செய்யிறவர்,” என்றார். “உமக்குக் கோவா வேணுமெண்டால் நேரடியாக் கேளும். அவரை ஏன் இழுக்கிறீர்?”

மற்றப் பக்கத்துப் பாத்திக்காரியான சுவிஸ் பெண்மணி ஃபிரவ் மோசர், முதலில் அந்த மணத்துக்கு மூக்கைச் சுளித்தவர், மூன்றாம் வருடம் தன் தக்காளிக்குப் பக்கத்தில் வைக்க இரண்டு கன்று கேட்டு வந்தார். எங்கள் வீடுகளுக்கும் அண்ணை கொடுத்தார்: பல்கனியில் நுளம்புக்குச் சாடி, அரிசித் தகரத்துக்குள் அந்து வராமல் காய்ந்த கொத்து, பட்டுச் சேலைகளுக்கு இடையில் சின்னத் துணிப்பை. எத்தனை வீட்டு அலுமாரியில் அந்தத் துணிப்பை இருக்கிறது? கை தூக்கச் சொல்லவில்லை. இன்று நீங்கள் உடுத்தி வந்திருக்கும் சேலைகளில் சிலவற்றின் மணம் இந்த மேடைவரை வருகிறது.

இனிக் கோயிலுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு கூடை துளசி கொண்டுபோய்ப் பெருமாள் சந்நிதியில் வைப்பது அவருடைய வழக்கம். சூரியன் மறைந்த பின் பறிக்க மாட்டார், நகம் பட விடமாட்டார். ஒரு கோடையில் நிர்வாகசபையில் ஒருவர் தோட்டப் பக்கம் நடக்க வந்திருக்கிறார். அண்ணை பாத்திக்கு எருப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் குதிரை லாயத்தில் கிடைக்கும் எரு. அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் விடயம். அண்ணையைக் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்தீர்கள். நானும் அங்கே இருந்தேன்.

“குதிரைச் சாணத்தில வளர்ந்ததைப் பெருமாளுக்குச் சாத்தேலாது,” என்றார் தலைவர்.

“மாட்டுச் சாணம் எண்டால்?”

“அது பசு. அது வேற.”

“ரெண்டும் இந்த ஊர்ப் புல்லுத்தானே தின்னுது, ஜெகதீஸ்வரன்.”

“அண்ணை, பகிடி விடாதேங்கோ. ஆசாரம் எண்டு ஒண்டு இருக்கு.”

“சரி. அப்ப பெருமாள் நிக்கிற இடத்தில முந்தி என்ன இருந்தது? டயர் மாத்திற கராஜ்தானே?”

சிரித்தவர்கள் இருந்தார்கள். அவருக்காக வாய் திறந்தவர் இல்லை. வெளித் துளசி ஏற்கப்படாது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த வெள்ளிக்கிழமையும் பழக்கத்தில் கூடையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். வெறுங்கையோடு உள்ளே போகலாம், கூடையோடு போகக்கூடாது. அவர் கூடையை மழையில் படியோரம் வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். நானாக இருந்தால் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு கோயிலுக்குத் துளசி விமானத்தில் வந்தது, பொதியில் வந்தது. எந்த எருவில் வளர்ந்தது என்று யாராவது கேட்டீர்களா? எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டீர்களா? போன வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு வந்த பொதி வழியில் குளிர்பட்டு முழுவதும் கருகிப்போயிருந்தது. சபை என்ன செய்தது? கடையில் அலங்காரத்துக்கு விற்கும் பச்சை மாலையை வாங்கிச் சாத்தியது. பிளாஸ்டிக். அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி, அண்ணையின் குடியிருப்பில் உடுப்புத் தோய்க்கும் அறையின் ஜன்னலடியில், சூட்டுக்கும் ஈரத்துக்கும் செழித்துத் தாய்ச்செடிகள் நின்றன. நிர்வாகசபைக்கு அது தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எடுக்கவில்லை.

அண்ணை அன்று கோயிலுக்கு வந்திருந்தார். மாலையைப் பார்த்தார். வெளியே வந்து சப்பாத்து மாட்டும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “வாடாது. தூசு மட்டும் தட்ட வேணும்.”

பொறுமை என்று அதைப் புகழ வேண்டாம். அவருக்கு அது வலித்தது.

இந்த மார்கழியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒவ்வொரு நாளும் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேனா என்றுதான் கேட்டார். ஒரு மத்தியானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“பத்மநாதன், அந்தப் பெரிய தொட்டியை ஜெகதீஸ்வரனிட்டக் குடும்.”

“யாரிட்ட?”

“காது கேக்குதுதானே.”

“அண்ணை, நான் ஃபிரவ் மோசரிட்டக் குடுப்பன். குப்பையில போடுவன். அந்த ஆளிட்டக் குடுக்க மாட்டன்.”

“உம்மட கோவத்தை நீர் வச்சிரும், ஆர் வேண்டாமெண்டது? செடியை அவரிட்டக் குடும். பெருமாள் பிளாஸ்டிக்கோட நிக்கிறார்.”

நான் சரி சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவுமில்லை. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இப்போது நிலைமை வேறு. தில்லைநாயகி அக்கா கூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். இந்த மாத முடிவில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தோய்க்கும் அறையில் ஒரு சாடியும் நிற்கக்கூடாது என்று வீட்டு நிர்வாகம் சொல்லிவிட்டது. வெளியே வைத்தால் ஒரு இரவு தாங்காது. அக்கா உங்களில் பலரோடு கதைத்தார். அண்ணை தன் கையால் சாடி கொண்டுவந்து தந்த வீடுகளுக்குத்தான் தொலைபேசி எடுத்தார். “வீட்டுக்குள்ள மண் கொட்டுப்படும் அக்கா.” “பிள்ளைக்குத் தும்மல் அக்கா.” “நாங்கள் லீவுக்குப் போறம், தண்ணி விட ஆளில்லை.” அதே வாய்கள்தான் இன்று இந்த ஒலிவாங்கியில், அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்றன.

எப்படித் தொடர்வீர்கள்? அவருடைய பணி ஆகாயத்தில் இல்லை. உயிரோடு, வேரோடு, மண்ணோடு இருக்கிறது. இந்த மாதம் அதற்கு ஒரு ஜன்னல் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். இத்தனை வருடம் இந்தக் குறுகிய கோடைக்குப் பழக்கியெடுத்த செடி வேறு எங்கும் வாங்கக் கிடைக்காது.

காலையில் அயலவர் ஒருவர் கைகொடுக்க, வண்டிக்குள் சூடு போட்டு அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தேன். இந்த மண்டபத்தில் கோட்டு மாட்டும் அறையில் நிற்கின்றன. சின்னச் சாடிகளுக்கு என் வீட்டில் இடம் ஒதுக்கிவிட்டேன். மே மாதம் அவருடைய பாத்தியில் நானே நடுவேன். நிலத்தை என் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். என் உறுதிமொழி அவ்வளவுதான். விதை வேண்டியவர்கள் புரட்டாதியில் வரலாம். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

பெரிய தொட்டி உங்களுக்கு, தலைவர் அவர்களே. அண்ணை சொன்னதால் தருகிறேன். நான் உங்களை மன்னித்துத் தருவதாக யாரும் எழுதிவிட வேண்டாம். அதிலிருப்பது குதிரை எருதான், அதை மாற்றக்கூடாது. சந்நிதிக்குத் தெற்குப் பக்க ஜன்னல் இருக்கிறது, அங்கே வையுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் வந்து பார்ப்பேன். செடி வாடியிருந்தால் எல்லோர் முன்னாலும் கேட்பேன். கோபத்தை நானே வைத்துக்கொள்ள அவர் அனுமதி தந்திருக்கிறார்.

வேண்டாம் என்றால் இப்போதே, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லவில்லை. நல்லது. அப்படியானால் எழுந்து வாருங்கள், ஜெகதீஸ்வரன். சூடு போட்ட வண்டிக்கும் அங்கிருந்து சந்நிதிக்கும் அதைத் தனியே தூக்க ஒருவரால் முடியாது. ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள், மற்றப் பக்கம் நான் பிடிக்கிறேன்.