பாய்லர் ரூம் சங்கு

வேணாம் வேணாம், பை என்கிட்டயே இருக்கட்டும் டீம் லீடரம்மா. கனம்தான், தெரியுது. உள்ள கிம்ச்சி ஜாடி இருக்குன்னு வச்சுக்கோங்களேன். நீங்க முன்னால நடங்க, நான் வந்துடுறேன். வழி தெரியுமாவா? பதினாறு வயசுல இந்த மில்லு வாசல் வழியா வேலைக்கு உள்ள வந்தவ நான். என்ன, அப்போ கதவு நம்மளைப் பாத்ததும் தானா திறக்காது. நம்மளைப் பாத்தாதான் மூடும்.

அப்புறம் இந்த ஆசிரியரே, ஆசிரியரேன்னு கூப்பிடுறதை விட்டுடுங்க. மூணாங்கிளாஸ் தாண்டலை நான். எழுத்துக் கூட்டிப் படிச்சதே நோட்டீஸுலதான். உபரி மதிப்புன்னு எழுதிப் பழகின அப்புறம்தான் என் பேரையே ஒழுங்கா எழுதினேன். மால்சுன். எங்கப்பா வச்சது, பொண்ணு இதோட போதும்னு. அதுக்கு மேலயும் ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. எங்க வீட்டுல தோத்த முதல் போராட்டம் அது.

ஆமா, நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான், ஞாபகம் இருக்கு. மேயர் கைதட்ட, நான் கயிறை இழுக்க, நாப்பது வருஷமா ஊதாத மில்லுச் சங்கு ஊதப் போகுது. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத்தான் இன்னைக்கே வந்தேன். அவசரமில்ல. முதல்ல சுத்திக் காட்டுங்க. இவ்வளவு செலவு பண்ணி மில்லை மியூசியமாக்கி எங்களைக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீங்க, பாக்க வேணாமா?

ஓ, இது போட்டோ எடுக்குற இடமா? நல்லாத்தான் இருக்கு. செங்கல் வளைவு, பின்னால ஆறு. எங்க நிக்கணும்னு தரையில மஞ்சளா ரெண்டு பாதம் வேற வரைஞ்சிருக்கீங்க. அது எப்படிம்மா அவ்வளவு சரியா அதே இடத்துல வரைஞ்சீங்க? இல்ல, சும்மா கேட்டேன். ஷிப்ட் முடிஞ்சு வெளிய போறப்போ இதே வளைவுக்குக் கீழதான் கையைத் தூக்கி நிக்க வச்சு, பாவாடைக்குள்ள நூல்கண்டு இருக்கான்னு தடவிப் பாப்பாங்க. தினம். இப்போ ஜனங்க தானா வந்து கையைத் தூக்கிட்டுச் சிரிக்கிறாங்க. முன்னேற்றம்தான், நான் மறுக்கலை.

காப்பியா? மெனுவைக் குடுங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். நைட் ஷிப்ட் லாட்டே, ஏழாயிரம் வொன். யாரு வச்ச பேரு? நீங்களா! பலே. இந்த ஹாலுலதான் பஞ்சு உதறுவோம். பத்தடி தள்ளி நிக்கிறவ மூஞ்சி தெரியாது, அப்படிப் பறக்கும். நீங்க மேல நுரையைப் போட்டு சமாளிச்சிருக்கீங்க. வேணாம், எனக்கு வெந்நீர் போதும்.

ஜன்னலுக்கு வெளிய பாருங்க, ஆத்துல கொக்கு நிக்குது. எங்க காலத்துல ஆன்யாங் ஆத்துத் தண்ணியைப் பாத்தே சாயப்பட்டறையில இன்னைக்கு என்ன கலர்னு சொல்லிடுவோம். பள்ளிக்கூடம் திறக்கிற சீசன்ல ஆறு முழுக்க யூனிபாரம் நீலம். இப்போ தெளிஞ்சிடுச்சு. ஆத்தைச் சுத்தம் பண்ணாங்க, கரையைச் சுத்தம் பண்ணாங்க, அதே கையோட கரையோரம் வாடகைக்கு இருந்த எங்களையும் சுத்தம் பண்ணிட்டாங்க. கொக்குக்கு மட்டும் திரும்பி வர அனுமதி கிடைச்சிருக்கு போல.

இது எங்க ரூமா? அய்யோ, என்ன அழகு. ஆறு பேரு மாறி மாறிப் படுத்த ரூமுல ஒத்தப் பொம்மையை உக்கார வச்சு கையில புத்தகம் குடுத்திருக்கீங்க. மூஞ்சியும் பாலாட்டம் இருக்கு. இந்தப் பொண்ணு மட்டும் அப்போ எங்க கூட இருந்திருந்தா, யாரும்மா நீ, முதலாளி வீட்டுப் பொண்ணான்னு கேட்டு விரட்டியிருப்போம்.

சரி, எதுக்கு வந்தனோ அங்க வந்தாச்சு. முப்பத்தேழு பேரு. பித்தளையில வெட்டியிருக்கீங்க, படிக்க நல்லா இருக்கு. என் பேரு முதல்ல. அகரவரிசையா? இல்லையே. ஓ, மரியாதைக்கா? சந்தோஷம். ஆனா இதுல ஒரு பேரு குறையுது டீம் லீடரம்மா.

சரிபாத்தாச்சா? யாரைக் கேட்டு? மிச்சமிருக்குற அக்காமார்களைக் கேட்டா அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க. காறித் துப்புவாங்க. குவாக் தேசிக். பாய்லர் ரூம்ல கரி தள்ளின ஆளு.

ஆமா, அதே குவாக்தான். இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விளக்கு போட்டு வச்சிருக்கீங்களே நோட்டீஸு, அதுல இருக்குற குவாக். படிங்க, சத்தமாப் படிங்க, எனக்குக் கேக்க ஆசையா இருக்கு. கயிறை இழுக்கக் கை வராத குவாக் தேசிக்கே, கூலிக்கு மட்டும் நீளுமா உன் கை, ஐயாயிரம் தோழிகளின் கண்ணீருக்கு நீ பதில் சொல்லியே தீர வேண்டும். எப்படி? நெருப்பு மாதிரி இருக்குல்ல? நான் எழுதினது. ஸ்டென்சில் வெட்டி, உருட்டி, எண்ணூறு காப்பி. என் வாழ்க்கையில எழுதின நோட்டீஸுலயே இதுதான் பெஸ்ட்டு. எங்கயும் பிழை கிடையாது. எழுத்துப் பிழையைச் சொல்றேன்.

உக்காருங்க. நீங்க நின்னா நானும் நிக்க வேண்டியிருக்கு. அன்னைக்கு நடந்தது உங்க பலகையில இருக்குற மாதிரிதான். எங்க நூல் மில்லு, மேலண்டை மாவு மில்லு, பாலத்துக்கு அந்தாண்டை பீர் பாக்டரி. மூணுலயும் சேத்து ஐயாயிரம் பேரு, ஒரே நேரத்துல வேலையை நிறுத்திட்டுக் கரை ரோட்டுல ஒண்ணா சேரணும். போன் பண்ண முடியாது, ஆள் அனுப்ப முடியாது. ஆனா எங்க சங்கு மூணு மில்லுக்கும் கேக்கும். தினம் ரெண்டு மணிக்கு ஊதுறது, அன்னைக்கு மட்டும் ஒன்றரைக்கே ஊதணும். அதுதான் அடையாளம். கமிட்டியில கை தூக்கி முடிவு பண்ணோம். நானும் தூக்கினேன், ரெண்டு கையையும். பாய்லர்ல குவாக் கயிறை இழுக்க ஒத்துக்கிட்டான். அதிகம் பேசாத ஆளு. ஒத்துக்கிட்டப்பவும் தலையைத்தான் ஆட்டினான்.

ஒன்றரைக்கு நாங்க இருநூறு பேரு முற்றத்துல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம். சங்கு ஊதலை. மாவு மில்லு வரலை, பீர் பாக்டரி வரலை. அவங்களுக்கு என்ன தெரியும், கேக்கவே இல்லையே. மூணு மணிக்கு கேட்டைத் திறந்துக்கிட்டு போலீஸ் வந்துச்சு. ஜன்னல்ல கம்பி வலை அடிச்ச அந்தக் கோழிக்கூண்டு பஸ்ஸுல எங்களை முடியைப் பிடிச்சு ஏத்தினாங்க. முப்பத்தேழு பேருக்கு வேலை போச்சு, அதுக்கப்புறம் எந்த மில்லும் எடுக்கலை. அந்த முப்பத்தேழுதான் இப்போ பித்தளையில மின்னுது.

குவாக்கா? இழுத்தேன், இழுத்தேன், ஸ்ஸுன்னு ஒரு மூச்சு வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல, மேல ஏறிப் பாருங்கன்னு கத்தினான். யாரு ஏறுவா? சாயங்காலமே கம்பெனி அவனையும் வெளிய தள்ளிடுச்சு, சதியில கூட்டாளின்னு. கம்பெனிக்குக் கலகக்காரன், எங்களுக்குத் துரோகி. ரெண்டு பக்கமும் ஒருத்தனை ஒரே நாள்ல கழிச்சுக் கட்டினது இந்த ஆத்தோரத்துலயே அவன் ஒருத்தனைத்தான். அந்த வாரமே கம்பெனி சங்குக் கயிறை அறுத்துப் போட்டுட்டு எலெக்ட்ரிக் பெல் வச்சிடுச்சு. அதுக்கப்புறம் அந்தக் கூரையில யாரும் கால் வைக்கலை, உங்க பிட்டர் வர்ற வரைக்கும்.

உயிரோடதான் இருக்கான். சப்வே ஸ்டேஷன் மூணாம் வாசல்கிட்ட செருப்பு தைக்கிற பெட்டிக்கடை பாத்திருப்பீங்க, அவன்தான். எண்பத்திரெண்டு வயசு. யாரு போனாலும் சொல்லுவான், நான் இழுத்தேன்னு. குதிகால் தைக்கக் குடுத்தாலும் சொல்லுவான். பள்ளிக்கூடப் பசங்க இழுத்தேன் தாத்தான்னு பட்டப்பேரு வச்சிருக்கு. நான் நாப்பது வருஷமா ரெண்டாம் வாசல்ல இறங்கிச் சுத்திக்கிட்டுப் போறேன். முழங்கால் வலிக்குதுன்னா டாக்டர் மாடிப்படி ஏறாதீங்கன்னு சொல்றாரு. அவருக்கு எப்படி விளக்குறது?

போன வாரம் நீங்க போன் பண்ணீங்கல்ல. சங்கோட எல்லாப் பாகமும் கிடைச்சிடுச்சு, ஒரே ஒரு வால்வுச் சக்கரம்தான் காணோம், புதுசா வார்க்கச் சொல்லியிருக்கோம்னு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணு சொன்னீங்க. சங்குக்குக் கீழ இருக்குற அந்த வால்வு இறுக்க மூடியே இருந்துச்சு, நாப்பது வருஷத் துருவோட, பிட்டர் ரெண்டு நாள் எண்ணெய் விட்டுத் திறந்தாருன்னு. நீங்க சிரிச்சீங்க. நான் போனை வச்சிட்டேன்.

புரியலையா? கயிறை இழுத்தா சங்கோட வாய் திறக்கும். ஆனா கீழ வால்வு மூடியிருந்தா ஆவியே மேல போகாது. குழாய்க்குள்ள ஏற்கனவே இருந்த மிச்சம் மட்டும் வெளிய வரும். ஸ்ஸுன்னு. ஒரு மூச்சு.

கமிட்டி ஒருத்தரைக் கூரைக்கு அனுப்புச்சு, ரோடு காலியா இருக்கான்னு பாக்க. ஒன்னேகாலுக்கு. பாய்லர் ரூமுக்குப் பின்னால இரும்பு ஏணி இருந்துச்சு. மேல ஏறினவ பாத்தா. மாவு மில்லுக் குடோனுக்குப் பின்னால, கரை ரோட்டுல, கோழிக்கூண்டு பஸ்ஸு வரிசையா நிக்குது. எண்ணினேன், பதினொண்ணு. எவனோ முன்கூட்டியே சொல்லிட்டான். சங்கு ஊதினா ஐயாயிரம் பொண்ணுங்க நேரா அந்தக் கூண்டுக்குள்ள போய் விழும்.

ஆமா, நான்தான். வேற யாரை அனுப்புவாங்க?

கீழ இறங்கி கமிட்டிகிட்ட சொல்லியிருக்கலாம். கால் மணி நேரம் இருந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? ஓட்டுக்கு விடுவோம். ஓட்டு விட்டா போகலாம்னுதான் ஜெயிக்கும், ஏன்னா அப்படிப் பேசிப் பேசி அவங்களைத் தயார் பண்ணி வச்சிருந்தது நான்தான். மெஜாரிட்டி முடிவை ஒருத்தர் மாத்தக் கூடாதுன்னு எத்தனை மேடையில முழங்கியிருப்பேன். அதான் மேலயே வேலையை முடிச்சுட்டு இறங்கி, ரோடு காலின்னு சொல்லிட்டு முற்றத்துல போய் நின்னேன். ஐயாயிரம் பேரைக் காப்பாத்தினேன்னு நாப்பது வருஷம் எனக்கு நானே நோட்டீஸ் அடிச்சுக்கிட்டேன். அதுல பாதி நிஜம். மீதி என்னன்னா, அந்தப் பஸ்ஸுங்களைப் பாத்ததும் நான் பயந்துட்டேன். ரெண்டுல எது சக்கரத்தைத் திருப்புச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை.

அன்னைக்கு ராத்திரி லாக்கப்புல ஒருத்தி அழுதுக்கிட்டே கேட்டா, சங்கு ஏன் ஊதலைன்னு. இன்னொருத்தி சொன்னா, குவாக்தான் காலை வாரிட்டான்னு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, நான் தலைவியாச்சே. நான் ஒண்ணும் சொல்லலை. வெளிய வந்ததும் எழுதினேன், இந்தா, கண்ணாடிக்குள்ள இருக்கு. என்ன, அப்படிப் பாக்குறீங்க? சொல்லவேண்டிய வார்த்தை எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டுவேன்னு பேரு வாங்கினவ. ஒரே ஒரு வார்த்தையைத்தான் எழுதலை, நான்தான்னு.

அந்த நோட்டீஸை எடுக்க வேணாம். அது அங்கேயே இருக்கட்டும், விளக்கோட. பக்கத்துல இதை வைங்க. நேத்து எழுதினேன், ஒரு பக்கம்தான், இதுலயும் பிழை இல்ல. இந்தத் தடவை ரெண்டு விதத்துலயும். நாளைக்கு வர்றவங்களுக்குக் குடுக்க முந்நூறு காப்பி அடிச்சிடுங்க. மேயர் சங்கடப்படுவாரா? பழகிக்குவாரு. என் பேரு முதல்ல இருக்குற பித்தளையை என்ன பண்றதுன்னு உங்க ஆபீஸ் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும், கை தூக்கி. குவாக் பேரு மட்டும் வெட்டியாகணும். அதுல பேச்சே இல்ல.

கயிறா? நான் தொட மாட்டேன். வர்ற வழியில இன்னைக்கு மூணாம் வாசல்ல ஏறினேன். சொல்லிட்டேன் அவன்கிட்ட. எல்லாத்தையும். கேட்டுக்கிட்டே ஒரு செருப்பைத் தைச்சு முடிச்சான். அப்புறம் கேட்டான், நாளைக்கு எத்தனை மணிக்குன்னு. அவ்வளவுதான். வருவான். வேன் அனுப்புங்க, நடக்க முடியாது அவனால.

புதுசா சக்கரம் வார்க்கச் சொன்ன ஆர்டரை நிறுத்திடுங்க. யாரும் திறந்துடக் கூடாதுன்னு பழசை அன்னைக்கே கழட்டிக்கிட்டேன், நட்டு லூசாத்தான் இருந்துச்சு. வயித்துல கட்டிக்கிட்டேன். கோழிக்கூண்டுல ஏத்தினப்போ அந்த வளைவு வழியாத்தான் இழுத்துட்டுப் போனாங்க. மில்லுல சேந்ததுலருந்து அன்னைக்கு ஒருநாள்தான் அங்க என்னை யாரும் தடவிப் பாக்கலை. லாக்கப்புலயும் மேல்கோட்டோட விட்டுட்டாங்க.

இந்தாங்க, ரெண்டு கையாலயும் பிடிங்க, பையிலருந்து எடுக்கவே கஷ்டமா இருக்கு. துரு இருக்காது, வருஷா வருஷம் எண்ணெய் போட்டிருக்கேன். பிட்டருக்குத் தெரிஞ்சிருக்கும், இடப்பக்கமாத் திருப்பினா திறக்கும். நான் வலப்பக்கம் திருப்பினேன்.