மேல ஊருக்கு ஒரு விருந்தாளி

அந்தக் கல்லு ஆடும் சார், இதுல உக்காருங்க. தண்ணி குடிங்க, அவசரமே இல்ல. மரத்துக்கு மேல மூணு மாடிக்குக் கல்லா தெரியுதே, அதான் நீங்க பாக்கணும்னு கேட்ட காவல் வீடு. சண்டைக் காலத்துல கட்டினதாம். சன்னலே கிடையாது, அம்பு விடுற ஓட்டைதான். ஊரே கீழ எறங்கிப் போயிடுச்சு. ஒரே ஒரு குடும்பந்தான் மிச்சம். எங்க அண்ணன் குடும்பம்.

ஆமா சார், கூடப் பொறந்தவருதான். முன்னாடியே சொல்லியிருக்கணும். காலையிலேருந்து வாய் வரைக்கும் வருது, முழுங்கிட்டே வரேன்.

படமா? தாராளமா எடுக்கலாம். ஆனா போன உடனே வேணாம், கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும். கோவமெல்லாம் பட மாட்டாரு சார், அதுக்குத் தெம்பு ஏது. நெஞ்சுல நீர் கோத்துப் படுத்துட்டாரு. கட்டிலோட தூக்கிக்கிட்டு எறங்கினோம். பாதி வழியில மூச்சுத் திணறி, கண்ணு சொருகிடுச்சு. திரும்பிட்டோம். டவுன் டாக்டரு வண்டி வர்ற எடம் வரைக்கும் வந்தாரு. ஏத்தத்த ஒரு தடவ அண்ணாந்து பாத்தாரு. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு, இனிமே மருந்துக்கு வேலையில்லப்பா, நிம்மதியா இருக்கட்டும்னு வண்டியத் திருப்பிட்டாரு.

அத எந்த வாயால சார் அண்ணன்கிட்ட சொல்லுவேன்? வாசலையே பாத்துட்டுக் கெடக்காரு. டாக்டர் வராராடா, டாக்டர் வராராடான்னு. அண்ணி என் மூஞ்சியப் பாக்குறாங்க. நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். நாக்கு தானா சொல்லிடுச்சு. கீழ வந்தா லாட்ஜ் வாசல்ல நீங்க நிக்கிறீங்க, கண்ணாடியும் தோள்பையுமா, மேல ஊருக்குக் கூட்டிட்டுப் போக ஆள் கெடைக்குமான்னு.

ஆமா சார். டாக்டர்னு உங்களத்தான்.

மருந்து, ஊசி எதுவும் வேணாம் சார், அந்தப் பாவம் வேற எனக்கெதுக்கு. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சு நாடி பாருங்க, அது போதும். திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன். திரும்பிடலாம்னாலும் சரி, கீழ கூட்டிட்டுப் போறேன். சத்தியமா.

யாரா? வெள்ளைத் துண்டும் சோப்புமா ஓடி வராங்களே, அவங்கதான் அண்ணி. டாக்டர் கை கழுவுறதுக்கு எடுத்துட்டு வராங்க. பாத்துட்டாங்க சார். கொஞ்சம் கையாட்டுங்க.