மோட்டாரில் ஆள் இல்லை

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் ஆபீஸ் டீயைக் குடித்தவனுக்கு எது கொடுத்தாலும் அமிர்தம்தான். நீங்களும் உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் எழிலரசன். கறம்பக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. தோட்டத்து மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஓடவிடும் ஆப் எங்களுடையது. புரோகிராம் எழுதுவதும் நான், கஸ்டமரிடம் திட்டு வாங்குவதும் நான். அதற்கென்று தனி ஆள் போட முதலாளிக்கு மனம் வரவில்லை.

ஆப்பில் ஒரு பூட்டு உண்டு. மோட்டாரில் கைவைக்கும் முன் ‘ஆள் இருக்கு’ என்று அமுக்கிவிட்டால், வீட்டில் யார் பட்டனைத் தட்டினாலும் மோட்டார் ஓடாது. எங்கள் கஸ்டமர் கண்ணுசாமி அண்ணன் தவறாமல் பூட்டுவார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார். பிறகு எனக்கு ஃபோன் வரும்.

“ஏம்ப்பா, கரண்டு வந்துருச்சு, மோட்டார் ஓடல. என்னத்தப் படிச்சுக் கிழிச்ச நீ?”

“பூட்ட எடுத்துவிடுங்கண்ணே.”

“அதெல்லாம் எடுத்தாச்சு. ஒன் ஆப்புதான் வெளங்காமக் கெடக்கு.”

எடுத்திருக்கமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலும் கூப்பிட்டார். கை தவறி ஸ்பீக்கரில் விழுந்து, நான் படித்துக் கிழித்ததைப் பெண் வீட்டார் முழுதாகக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

இப்போது கொஞ்சம் பாடம், கொட்டாவி விடக்கூடாது. எங்கள் புரோகிராமில் ஒவ்வொரு மோட்டாரும் ஒரு ஆப்ஜெக்ட். யாருடையது, ஓடுகிறதா, ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதை அப்படியே ஃபோனுக்கு அனுப்ப முடியாது. கட்டிலைக் கழற்றி வாசலில் நுழைத்து உள்ளே மாட்டுகிறோமே, அதுபோலப் பிரித்து அனுப்பி அங்கே மறுபடி கோர்க்க வேண்டும். சீரியலைஸ் என்பார்கள். எந்தப் பகுதியாவது போக வேண்டாம் என்றால் அதன் முன்னால் ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். அங்கே கோர்க்கும்போது ‘எங்கே காணோம்’ என்று ஃபோன் கேட்காது. அந்த இடத்தில் ‘இல்லை’ என்று தானே போட்டுக்கொள்ளும்.

கண்ணுசாமி அண்ணன் மோட்டாருக்கு மட்டும் தனியாக எழுதி, ‘ஆள் இருக்கு’ என்பதன் முன்னால் அந்த வார்த்தையைப் போட்டேன். அதன்பிறகு அவர் பூட்டினாலும், அவர் மனைவி அழகி அக்காவின் ஃபோன் ஆள் இல்லை என்றே காட்டும். பூட்டைப் பார்த்துத் தடுப்பது தட்டுகிற ஃபோன்தான் என்பதால், அவர் தட்டினால் மோட்டார் ஓடும். எனக்கு ஃபோன் வருவது நின்றது. கஸ்டமர் குறை தீர்ந்தது என்று முதலாளிகூடப் பாராட்டினார்.

ஃபியூஸைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். மோட்டாரைத் திறக்குமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து விவசாயிகளின் பழக்கம். அண்ணனும் அப்படித்தான். அதனால் அவர் தோட்டத்துக்கே போனேன்.

“எதுக்குண்ணே ஃபியூஸப் புடுங்கிக்கிட்டு? ஆப்புல பூட்டுனாப் போதும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார்.

அன்று காலை அவர் ஆப்பில் பூட்டிவிட்டு, மோட்டார் மூடியைக் கழற்றி வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் அக்கா வீட்டில் ஃபோனைப் பார்த்தார். ஆள் இல்லை என்று இருந்தது. தட்டிவிட்டார்.

கூட வேலை பார்க்கும் சுடர்விழி அந்த வரியைக் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்தாள். கெட்டிக்காரப் பெண், அவள்மேல் வருத்தமில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். காரியத்தன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அழகி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நாந்தான அவுகளக் கொன்னுட்டேன்?” என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கவைத்து, அவர் மனம் நோகாமல் பக்குவமாகச் சொன்னேன்:

“ஆமாக்கா. ஆனா நீங்க வேணும்னு பண்ணல.”