பதினேழாம் நம்பர் டோக்கன்

இரவு இரண்டே முக்கால். மைதானத்துச் சாலையில் ஈ, காக்கை இல்லை... சரக்கு லாரிகள் மட்டும் விளக்கணைத்து வரிசையாக நிற்கின்றன. கொஞ்ச நேரம் முன்பு எண்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்திய இடம். நாம் உட்கார்ந்திருக்கும் லாரியின் கதவு ஆடுவதைப் பார்க்காதீர்கள், காற்றுதான்.

இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. நாடு நாடாகப் போய்ப் பாடும் பெரிய ராக் குழு ஒன்றில் அவர் மேடை மேஸ்திரி. தங்கை புருஷனையும் அவர்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனால் மறதி மன்னன். எந்நேரமும் வாயில் ஒரு பெப்பர்மின்ட்.

அங்கே ஒரு வழக்கம். விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டத்தில் ஏறுகிறவன், தன் நம்பர் டோக்கனைக் கீழே பலகையில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் மோட்டார் போட்டுச் சட்டத்தை இறக்குவார்கள். மாப்பிள்ளை எடுக்க மறப்பார். சித்தப்பாதான் தினமும், "மறந்துட்டுப் போயிட்டாரு" என்று சிரித்தபடி எடுத்து வைப்பார்.

ஒரு ஊரில் அப்படித்தான் எடுத்தார்... அன்றைக்கு மாப்பிள்ளை மறக்கவில்லை. மேலேதான் இருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டார்கள்.

விசாரணையில் சித்தப்பா, "பலகை காலியாத்தான் இருந்துச்சு" என்றார். பழி செத்தவர் தலையில் விழுந்தது. "டோக்கன் மாட்டவே மறந்துட்டாராண்ணா?" என்று தங்கை போனில் அழுதாள். அவர் போனை வைத்துவிட்டார். அந்தப் பதினேழாம் நம்பர் டோக்கனைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்.

அடுத்த ஊர். கச்சேரி முடிந்தது. எல்லாரும் இறங்கியாயிற்று. பலகையில் ஒரே ஒரு டோக்கன்... பதினேழு. சொட்டச் சொட்ட ஈரம்.

ஏழு ஊர்களில் எடுத்து எறிந்தார். சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. எட்டாவது ஊரில் முடியவில்லை. தன் நாலாம் நம்பரைப் பதினேழுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு ஏறினார்.

மேலே சங்கிலி எண்ணெய் வாடை. அதையும் மீறி... பெப்பர்மின்ட்.

"இறங்கி வாங்க மாப்பிள்ளை! நான்தான் எடுத்தேன். தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்... காலைல முதல் வேலையா சொல்லிடறேன்!"

இருட்டில் மிட்டாய் பல்லில் படும் சத்தம். டக்... டக்... நின்றது. கீழே மோட்டார் உறுமியது.

சித்தப்பா பிழைத்தார், இரண்டு காலும் போயிற்று. கண் விழித்ததும் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அதற்கப்புறம் அவரோடு பேசவேயில்லை.

மோட்டார் போட்டவன் அந்த ஊர்க்காரன், அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தான்.

"என் டோக்கன் தொங்கலையாப்பா?"

"தொங்குச்சு சார், நாலும் பதினேழும். ஒருத்தர் வந்து ரெண்டையும் எடுத்துட்டாரு. ஏன்னு கேட்டேன். 'மச்சான் மறந்துட்டுப் போயிட்டாரு'ன்னு சிரிச்சாரு. எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கூடக் கொடுத்தாரு..."

அவன் சட்டைப்பையைத் துழாவினான்.

"ஈரமா இருந்துச்சு சார். அதான் வாயில போடலை."